கணக்கில் வராத கொடை: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் தொண்டு வரலாறு

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொண்டு, தருமம் என்றதும் பலருடைய மனக்கண் முன் வருவது கொடுக்கும் செல்வந்தரும் வாங்கும் ஏழையும்தான். பத்திரிகைகளில் வரும் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஒருவர் பெரிய மாதிரிக் காசோலையை நீட்டுகிறார். இன்னொருவர் கைகூப்பி வாங்கிக்கொள்கிறார். இந்தப் படத்தில் தோட்டத் தொழிலாளி எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டால், வாங்கும் பக்கம் என்றே பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நூறாண்டு வரலாறு சொல்லும் சேதி வேறு. கோயில் கட்டியவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவர்கள், செத்த வீட்டுக்குச் செலவு செய்தவர்கள், சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள், பல்கலைக்கழக நூலகத்துக்குக்கூட வெள்ளி கொடுத்தவர்கள் எல்லாம் பால்மரம் வெட்டியவர்கள்தாம். அவர்கள் கொடுத்தது எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்காததால் சமுதாயத்துக்கு நேர்ந்த இழப்பு என்ன என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

தொண்டுக்கும் விலை உண்டா?

தொண்டுக்கு விலை போடலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். உலக நாடுகள் இதை எப்போதோ தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் சாலமன் என்ற அறிஞரின் தலைமையில் ஏறத்தாழ 40 நாடுகளின் தொண்டு நிறுவனங்கள் ஆராயப்பட்டன. பள்ளிகள், மருத்துவமனைகள், சங்கங்கள், அறநிலையங்கள் என லாப நோக்கமின்றி நடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பெரிய நாட்டின் பொருளாதாரத்துக்கு ஈடான துறை அது என்று தெரியவந்தது. அந்தத் துறையின் மொத்த உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சம்பளம் வாங்காத தொண்டூழியர்களின் உழைப்பு.

2003இல் ஐக்கிய நாடுகள் சபை, இத்தகைய அமைப்புகளைத் தேசியக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு கையேடு வெளியிட்டது. 2011இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், தொண்டூழியத்தை அளப்பதற்கென்றே தனிக் கையேடு கொண்டுவந்தது. 2018இல் வெளிவந்த ஐ.நா. அறிக்கையின்படி, உலகத் தொண்டூழியம் முழுவதையும் முழுநேர வேலையாகக் கணக்கிட்டால் அது 10 கோடியே 90 லட்சம் பேரின் உழைப்புக்குச் சமம். அதில் 70 விழுக்காடு எந்தச் சங்கத்தின் பெயரும் இல்லாமல், அண்டை அயலார் ஒருவருக்கொருவர் நேரடியாகச் செய்துகொள்ளும் உதவி. தோட்டத்து மக்களின் தொண்டு பெரும்பாலும் இந்த 70 விழுக்காட்டு வகையைச் சேர்ந்தது.

அளக்கும் முறையும் கடினமானதல்ல. அந்த வேலையைத் தொண்டர் செய்யாமல் கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? அந்தத் தொகைதான் அதன் மதிப்பு.

லயத்தில் பிறந்த தருமம்

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் பயிராயின. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், லாபு, கெர்பி, பகாவ் வட்டாரத்தில் கெடிஸ் எனத் தோட்டங்களின் பெயர்கள் நீண்டன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்து சேர்ந்தனர்.

1907இல் உருவான தமிழ்க் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகள் கட்டிய தொகையைக் கொண்டு ஆட்களின் கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் இந்தியக் குடியேற்ற நிதி என்று பெயர் மாறிய அதன் எஞ்சிய பணம், 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் சட்டத்தின் வழி கலைக்கப்பட்டது. முதலாளிகள் கட்டிய பணத்துக்குச் சட்டம் இருந்தது, கணக்கு இருந்தது, ஆண்டறிக்கை இருந்தது. தொழிலாளர்கள் தங்களுக்குள் திரட்டிய பணத்துக்கு இருந்ததெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த நோட்டுப் புத்தகம்தான்.

சொந்த பந்தம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே லயத்தில் பக்கத்து வீட்டுக்காரரே அண்ணன், அக்காள், மாமன் ஆனார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாடை கட்டுவது, குழி வெட்டுவது, வந்தவர்களுக்குக் காப்பித் தண்ணி வைப்பது எல்லாம் லயத்தாரின் பொறுப்பு. பிள்ளைப் பேற்றுக்கு அனுபவப்பட்ட பாட்டிமார் துணை நின்றார்கள். கல்யாணம் என்றால் பந்தல் போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை கூலி என்ற பேச்சே இல்லை. இவற்றுக்கெல்லாம் வெளியாட்களை வைத்திருந்தால் அந்தக் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கும்.

கையில் காசு சேராத மக்கள், சேமிப்பதற்கும் ஒரு வழி கண்டார்கள். அதுதான் கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. வங்கி வாசலை மிதிக்காதவர்களுக்கு இதுவே வங்கி. ‘கூட்டு’ மலாய் மொழியில் ‘கூத்து’ ஆனது. இதை வியாபாரமாக நடத்துவதைத் தடுக்க 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. நம்பிக்கையில் நடந்த ஒன்றை மோசடிக்காரர்கள் கெடுத்ததால் வந்த சட்டம் அது. ஆனாலும் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறும் அளவுக்கு அந்தப் பழக்கம் பரவியிருந்தது என்பதும் உண்மை.

ஒருநாள் சம்பளம்

கோயிலுக்கு வருவோம். லயம் எழுந்த இடமெல்லாம் மாரியம்மனும் முனியாண்டியும் வந்துவிட்டார்கள். மரத்தடியில் நட்ட கல், பலகைக் கொட்டகையாகி, தகரக் கூரை ஏறி, கோபுரம் கண்டது. துரைமார் சிலர் இடமும் மரச் சட்டங்களும் கொடுத்தார்கள். தோட்டக் கள்ளுக்கடை லாபத்தில் ஒரு பகுதியும் தொழிலாளர் நலனுக்கென்று திரும்பி வந்தது. அதுவும் தொழிலாளி குடித்த காசுதான். மற்றபடி திருவிழாச் செலவு தொழிலாளர்களுடையது. திருவிழாவுக்காக ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுவது பல தோட்டங்களில் இருந்த வழக்கம்.

இந்த ஒருநாள் சம்பளத்தைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. ஒரு தோட்டத்தில் 100 ஆண்களும் 100 பெண்களும் வேலை செய்ததாக வைத்துக்கொண்டால், ஒருநாள் சம்பளம் 90 வெள்ளி. மாதம் 26 நாள் மரம் வெட்டிய ஓர் ஆண் தொழிலாளிக்குக் கிடைத்ததே 13 வெள்ளிதான். அப்படியானால் ஒரே திருவிழாவுக்கு அந்தத் தோட்டம் கொடுத்தது, ஒரு மனிதன் ஏழு மாதம் உழைத்துச் சம்பாதிக்கும் தொகை. கொட்டகை போட்ட உழைப்பு, சமைத்த உழைப்பு, தேர் இழுத்த உழைப்பு இதில் சேரவில்லை.

இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். ஆனால், வருடந்தோறும் கொடுத்தார்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் பரிமாணம் புரியும். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து கூலி 40 காசுக்கும் 32 காசுக்கும் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கப்பல் ஏற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்கள் அந்த நிலையிலும் கோயில் விளக்கை அணையவிடவில்லை.

பள்ளிக்கூடம் யாருடைய செலவு?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் சொன்னதைப் பல நிர்வாகங்கள் பெயருக்குச் செய்தன. ஆயாக் கொட்டகையோ கோயில் மண்டபமோ பள்ளிக்கூடம் ஆயிற்று. படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ வாத்தியார் ஆனார். காலையில் கணக்கெழுதி மாலையில் பாடம் சொன்னவர்கள் பலர். மேசை நாற்காலி, சிலேட்டு, பரிசளிப்பு விழா என்று மற்றவற்றுக்குப் பெற்றோர்களே கைகொடுத்தார்கள்.

1942க்குப் பிறகு ஜப்பானியர் ஆட்சியில் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை லயத்துக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தன. போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜம் போன்ற அமைப்புகள் அனாதைப் பிள்ளைகளை ஏற்று வளர்த்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. லயத்துக் குடும்பங்கள் வளர்த்த பிள்ளைகளுக்குப் பதிவேடு ஏது? அதே காலத்தில் நேதாஜியின் அழைப்பை ஏற்று, இந்திய தேசிய ராணுவத்துக்காகத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார்களும் மலாயாத் தோட்டங்களில் இருந்தார்கள்.

காசு சேர்ந்தபோது கிடைத்த பலம்

தனித்தனியாகக் கொடுத்த காசு ஓர் அமைப்பின் கீழ் சேர்ந்து கணக்கும் எழுதப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதலாவது, தொழிற்சங்கம். போருக்குப் பின் 1946இல் நெகிரி செம்பிலானில் உருவான இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்தவர் பி.பி. நாராயணன். 1954இல் வெவ்வேறு தொழிற்சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தபோது அவர் அதன் பொதுச் செயலாளரானார். 1962இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. தொழிலாளர்கள் மாதந்தோறும் கட்டிய சந்தாதான் அந்தச் சங்கத்தின் மூலதனம். அதே சந்தாக் காசுதான் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் முதலாளிகளுக்கு எதிரே அவர்களை உட்கார வைத்தது.

இரண்டாவது, ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கு தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டார். பட்டணத்து வணிகர்கள் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலைப் பார்ப்பார்களா என்பதே தெரியாத தோட்டத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. அந்த வெள்ளிகளில் வாங்கிய நூல்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இடம்பெற்றன.

மூன்றாவது, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்தார். இரண்டு லட்சம் ஏக்கருக்கும் அதிகமான தோட்ட நிலம் இப்படிக் கைமாறியிருந்தது. வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். ‘மற்றவர்கள் வாங்கும் தோட்டத்தை நீங்களே சேர்ந்து வாங்குங்கள்’ என்பதுதான் அவர் சொன்ன யோசனை. 1960இல் சங்கம் பதிவானது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பல நாள் கூலியைச் சேர்த்தால்தான் 10 வெள்ளி என்றிருந்த காலம் அது. அந்தப் பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கிட்டத்தட்ட 3,000 ஏக்கர்! அதைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. பிற்காலத்தில் டான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் சங்கத்தை வழிநடத்தினார். நெகிரி செம்பிலான் உள்பட தீபகற்பத்தின் தோட்டப் பாட்டாளிகள் அனைவருக்கும் அது ஒரு நம்பிக்கையை ஊட்டியது.

கோயில் திருவிழாவுக்குக் கொடுத்த ஒருநாள் சம்பளமும் சங்கத்துக்குக் கட்டிய 10 வெள்ளியும் ஒரே சட்டைப்பையிலிருந்து வந்தவை. ஒன்று நோட்டுப் புத்தகத்தோடு நின்றது. மற்றொன்று பங்குப் பத்திரமாகி, நிலப் பட்டாவாக மாறியது. வித்தியாசம் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

தோட்டம் விலை போனபோது

1990களில் நெகிரி செம்பிலானின் முகம் மாறியது. நீலாயும் சிரம்பானின் சுற்றுவட்டாரமும் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் வளர்ந்தன. எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் 1998இல் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்க் கல் கட்டடங்கள் வந்தன. லயங்கள் காலியாகின.

ஒரு தோட்டம் விற்கப்படும்போது எல்லாவற்றுக்கும் மதிப்புப் போடுகிறார்கள். நிலத்துக்கு ஏக்கர் இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு. தொழிலாளிக்கும் வேலை செய்த ஆண்டுகளைக் கணக்கிட்டு இழப்பீடு உண்டு. ஆனால், மூன்று தலைமுறை சேர்ந்து கட்டிய கோயிலுக்கு மதிப்பு என்ன? பெற்றோர்கள் சேர்ந்து எழுப்பிய பள்ளி மண்டபத்துக்கு மதிப்பு என்ன? இளைஞர்கள் மண் கொட்டிச் சமன்படுத்திய திடலுக்கு மதிப்பு என்ன? கேட்டால், “ஆதாரம் இருக்கிறதா?” என்ற கேள்விதான் திரும்பி வரும். நிர்வாகத்திடம் வரைபடமும் பத்திரமும் இருந்தன. தண்டல் எழுதிய நோட்டுப் புத்தகங்களோ லயத்தோடு போய்விட்டன.

கணக்கில்லாமல் போனதற்கு வெளியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. கோயில் தலைவர் பதவிக்காகத் தோட்டங்கள் இரண்டு பட்டதுண்டு. சாதி பார்த்துச் சிலரை ஒதுக்கிய திருவிழாக்கள் உண்டு. கணக்குக் கேட்டவரை விரோதியாகப் பார்த்த பொருளாளர்களும் இருந்தார்கள். “சாமி காசுக்குக் கணக்கு எதற்கு?” என்ற பேச்சு, நல்லவர்களின் உழைப்பையும் சேர்த்து மறைத்துவிட்டது.

இன்றும் தொடரும் கொடை

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 530ஐ ஒட்டி நிற்கிறது. அவற்றில் 60 அளவிலான பள்ளிகள் நெகிரி செம்பிலானில் உள்ளன. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயர் இந்தப் பள்ளிகளின் பலகையில் வாழ்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. நிலமும் கட்டடமும் அரசுக்குச் சொந்தமில்லாத பகுதி உதவி பெறும் பள்ளிகளில், கட்டடத்தைப் பேணும் சுமையில் பெரும்பகுதி பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர்கள் தலையில்தான் விழுகிறது.

இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று பிரித்தால், ஒரு மணி நேரத்துக்கு 8 ரிங்கிட் 17 காசு. ஒரு பள்ளியில் 20 பெற்றோர் மாதம் ஒருமுறை 4 மணி நேரம் கூட்டுப் பணி செய்கிறார்கள் என்று கொள்வோம். மாதத்துக்கு 80 மணி நேரம். மதிப்பு 653 ரிங்கிட் 60 காசு. பத்து மாதப் பள்ளி நாட்களில் 6,536 ரிங்கிட். இது குறைந்தபட்சக் கூலிக் கணக்கு. அந்த இருபது பேரில் ஒருவர் மின்பணியாளர், ஒருவர் கணக்காளர், ஒருவர் தச்சர் என்றால், சந்தையில் அவர்கள் வாங்கும் கூலியை வைத்து மதிப்பு இன்னும் உயரும்.

ஒரு பள்ளிக்கே இவ்வளவு என்றால், மாநிலம் முழுவதும் பள்ளி, கோயில், இளைஞர் மணிமன்றம், மரண சகாய நிதி, தேவார வகுப்பு, இரவு நேர இலவசப் பாடம் என்று நடப்பவற்றைச் சேர்த்தால் எவ்வளவு வரும்? அந்தப் பெரிய தொகையைச் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. அந்தக் குறைதான் இன்று தீர்க்கப்பட வேண்டியது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வொரு கோயிலும் பள்ளி வாரியமும் மன்றமும் மூன்று பக்கம் எழுதி வைத்தால் போதும். முதல் பக்கத்தில் பணம்: யார் கொடுத்தது, எதற்குச் செலவானது. இரண்டாம் பக்கத்தில் பொருள்: அரிசி, சிமெண்டு, நாற்காலி, வாகனம். மூன்றாம் பக்கத்தில் நேரம்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன வேலை. பணத்தை எழுதுபவர்கள்கூட நேரத்தை எழுதுவதில்லை. தோட்டத்து மக்களிடம் எப்போதும் குறைவாக இருந்தது பணம். தாராளமாகக் கொடுத்தது நேரம். அதை எழுதாவிட்டால் அவர்களின் கொடையில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும்.

அத்தோடு, சங்கப் பதிவகத்தில் முறையாகப் பதிந்துகொள்வதும், தகுதியுள்ள அமைப்புகள் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வரிவிலக்கு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பதும் அவசியம். அந்த அங்கீகாரம் இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும். பெரிய நிறுவனங்களும் கொடுக்க முன்வரும்.

லின்சத்திலும் லாபுவிலும் கெடிசிலும் வாழ்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் வீட்டிலாவது பழைய தண்டல் நோட்டு, திருவிழா அழைப்பிதழ், கல்வெட்டின் படம், சங்கத்தின் ரசீது இருக்கக்கூடும். அவற்றைக் குப்பையில் போடும் முன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். பேரப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம், “கோயில் கட்ட எவ்வளவு கொடுத்தீர்கள்? எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். நாளை ஒரு பள்ளிக்கு நிலம் கேட்டும் ஒரு கோயிலுக்கு மாற்றிடம் கேட்டும் அதிகாரிகள் முன் உட்காரும்போது, அந்தத் தாள்கள் மேசை மேல் இருக்க வேண்டும். அவற்றை எழுதத் தெரிந்தவர்கள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்; சொல்லத் தெரிந்தவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.